ஈமச்சடங்கு நிதியும் இரவு மாத்திரையும்: வடசென்னையில் ஓர் எச்.ஐ.வி. ஆதரவுச் சங்கம் தன் நோக்கத்தைத் திருத்தி எழுதிய கதை

சங்கத்தின் பதிவுப் பத்திரங்கள் ஒரு தகர ட்ரங்குப் பெட்டியில் கிடந்தன. 2023-இல் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவரை மாற்றுவதற்காக அவற்றை வெளியே எடுத்தோம். அப்போதுதான் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் நோக்கங்கள் பகுதியை வாய்விட்டுப் படித்தார். "ஆதரவற்ற எய்ட்ஸ் நோயாளிகளின் இறுதி நாட்களில் உடனிருந்து ஆறுதல் அளித்தல், உறவினர் முன்வராத நிலையில் உடலை உரிய மரியாதையுடன் அடக்கம் செய்தல்."

அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அவர்களில் ஒரு பெண் அன்று காலைதான் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ரசீதைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறவர். "நாம் இன்னும் இதற்காகத்தான் இருக்கிறோமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய வேலை முடிய ஓராண்டுக்கும் மேல் ஆனது. அதன் பதிவுதான் இது.

நான் இந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இருப்பவள். பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி அறையில் இயங்குகிறோம். சங்கத்தின் பெயரையும் உறுப்பினர்களின் பெயர்களையும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்பது உறுப்பினர்களின் முடிவு. அதற்கான காரணம் கீழே வரும். எனக்கு எச்.ஐ.வி. உண்டா இல்லையா என்று கேட்பவர்களுக்கு, சங்கத்தில் எல்லோரும் சொல்லும் பதிலையே நானும் சொல்கிறேன்: அது அவரவர் விரும்பினால் சொல்ல வேண்டியது.

ஒரு காலத்தின் நோக்கம்

அந்த வாசகத்தை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எழுதிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்த ஊரில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவை பரிசோதிக்கப்பட்டன. அந்த இரத்தம் அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையது. முதல் நாளிலிருந்தே நோயோடு ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அதைத் துடைக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் தனிச் சங்கமாகப் பதிவானது. மற்ற மாநிலங்கள் பின்னர் அதே முறையைப் பின்பற்றின. தாம்பரம் சானடோரியத்தில், காசநோய்க்காக 1928-இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை, மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்களை வாங்கிப் படுக்க வைத்தது. ஆனால் மருந்து? மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்பது 1996-லேயே உலகத்துக்குத் தெரியும். 2001-இல் சிப்லா என்ற இந்திய மருந்து நிறுவனம் ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்று விலையைக் குறைத்து அறிவித்தபோது உலகமே வியந்தது. வியாசர்பாடியில் கொத்து வேலைக்குப் போகிற ஒருவருக்கு அந்த 350 டாலரும் எட்டாக் கனி.

எங்கள் சங்கம் பதிவானது அந்த ஆண்டுகளில். ட்ரங்குப் பெட்டியில் பத்திரங்களுக்கு அடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. மேலே "ஈமச்சடங்கு நிதி" என்று எழுதியிருக்கும். உள்ளே பெயரின் முதல் எழுத்து மட்டும், தேதி, பிறகு செலவுகள்: மாலை, கோடித் துணி, வேன் வாடகை, மூலக்கொத்தளத்தில் குழி வெட்டியவருக்குக் கூலி. சில பக்கங்களில் ஒரே மாதத்தில் மூன்று பதிவுகள் இருக்கின்றன. ஒரு வரியில் "பிளீச்சிங் பவுடர் தூவாமல் இருக்க, பிணவறையில், 100 ரூபாய்" என்று இருக்கிறது. அந்த நாளில் இறந்தவரின் உடலைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பவுடரைக் கொட்டித்தான் கொடுப்பார்கள். முகத்தையாவது பார்க்க விடுங்கள் என்று கெஞ்சி, பணம் கொடுத்து வாங்கிய மரியாதை அது. அப்போது இந்தச் சங்கம் மட்டும் இல்லையென்றால் அந்த உடல்களுக்கு யார் இருந்திருப்பார்கள்? பழைய நோக்கத்தில் பிழையே இல்லை. காலம்தான் அதைத் தாண்டி வந்துவிட்டது.

மருந்து வந்தது, நோக்கம் அங்கேயே நின்றது

2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் சானடோரியம் நிலையத்திலேயே இறங்கலாம். எங்கள் ஆட்கள் பலர் அங்கே இறங்க மாட்டார்கள். அந்தப் பெயருள்ள நிலையத்தில் இறங்குவதைத் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? ஒரு நிலையம் தள்ளித் தாம்பரத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவார்கள். எதிர்ப்பு சக்தி அற்றுப்போய், காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இருந்தவர்கள் வெயிலில் நடந்த நடை அது.

மருந்து மாறியது. தொடக்கத்தில் கொடுத்த ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டவைத்து முகத்தையே காட்டிக்கொடுத்தது. பிறகு அது கைவிடப்பட்டது. நோய் முற்றட்டும் என்று காத்திருக்காமல், தொற்று உறுதியானதும் சிகிச்சை என்பது 2017-இல் கொள்கையானது. இன்று டோலுடெகிராவிர் உட்பட மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒரு முறை. 2011-இல் வெளியான எச்.பி.டி.என். 052 ஆய்வு, சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைவருக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. 9 நாடுகளைச் சேர்ந்த 1,763 இணைகள் பங்கேற்ற அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் உண்டு. மருந்தை விடாமல் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய்விட்டால், உடலுறவின் வழியாக அது பரவாது என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் உறுதியானது.

ஈமச்சடங்கு நோட்டில் பதிவுகள் அருகின. சங்கமோ திட்டத்துக்குத் திட்டம் தாவியது. ஒரு நிதி நிறுவனம் விழிப்புணர்வு என்றால் விழிப்புணர்வு. அடுத்தது வீட்டுப் பராமரிப்பு என்றால் வீட்டுப் பராமரிப்பு. மூன்றாவது, மருந்தை விட்டவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றால் அது. ஒவ்வொன்றுக்கும் மாத இலக்கு, லைன் லிஸ்ட் என்ற பெயர்வாரிப் பட்டியல், அறிக்கை. எல்லாமே தேவையான வேலைகள்தான். ஆனாலும் நாங்கள் யார் என்பதை மூன்றாண்டுக்கு ஒரு முறை வேறொருவர் எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் இருந்த நோக்கம் சாவைப் பற்றியது. கையில் இருந்த நோக்கம் இலக்கைப் பற்றியது. உறுப்பினர்களின் வாழ்க்கை இரண்டுக்கும் வெளியே நடந்துகொண்டிருந்தது.

சார்ட் பேப்பரில் வராதது

முதல் முயற்சியில் தவறு செய்தோம். வெளியிலிருந்து ஒரு பயிற்றுநரை அழைத்தோம். நல்ல மனிதர். சார்ட் பேப்பர், மார்க்கர், ஒட்டும் வண்ணத்தாள்கள் எல்லாம் கொண்டுவந்தார். ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் விழுமியங்கள் சுவரில் இருந்தன: வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, பங்கேற்பு, சமத்துவம். தேநீர் வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், வீட்டு வேலை செய்து இரண்டு பேரப் பிள்ளைகளை வளர்ப்பவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்கையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. இதில் எது இங்கே நடந்தது?" என்றார்.

தாள்களைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தோம். அடுத்த கூட்டத்துக்கு வேறு வழி கண்டோம். ஒவ்வொருவரும் இரண்டு நாட்களைச் சொல்ல வேண்டும்: சங்கம் தனக்குத் துணை நின்ற ஒரு நாள், சங்கம் தன்னைக் காயப்படுத்திய ஒரு நாள். பாய் விரித்து உட்கார்ந்தோம். அலுவலர்கள் பதில் சொல்லக் கூடாது, குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும் என்பது ஒரே விதி.

துணை நின்ற நாட்கள் எளிதாக வந்தன. காயப்பட்ட நாட்களுக்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. கணவரை இழந்த பெண்கள், மாதாந்திரக் கூட்டங்களில் "உனக்கு எப்படி வந்தது" என்ற கேள்வி தங்களிடம் மட்டும் கேட்கப்பட்டதைச் சொன்னார்கள். ஒரு திருநங்கை, பதிவேட்டில் தன் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதியதை எழுத நாங்கள் எடுத்துக்கொண்ட காலத்தை மாதக் கணக்கில் சொன்னார்.

ஒரு பெண் பேசியபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் மருந்து வாங்க வராமல் இருந்திருக்கிறார். பட்டியலில் பெயர் வந்தது. எங்கள் களப்பணியாளர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எய்ட்ஸ் விழிப்புணர்வின் சிவப்பு ரிப்பன் அச்சிட்ட திட்டப் பையோடு அவருடைய தெருவுக்குப் போனார். வீடு தெரியாமல் குழாயடியில் விசாரித்திருக்கிறார். அந்த வாரமே வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அந்த மாத அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே "கண்டறியப்பட்டார்" என்று நாங்கள் எழுதியிருந்தோம்.

"நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை இழந்தார்கள்" என்று சொல்லி முடித்தார். விதிப்படி யாரும் பதில் சொல்லவில்லை. அவர் குரல் உயரவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சத்து மாத்திரை

நான்காவது கூட்டத்தில் ஓர் இளைஞர் பேசினார். வயது 22. பிறப்பிலேயே தொற்று வந்தவர். அம்மாவும் அப்பாவும் இல்லை, பாட்டி வளர்த்தார். நாங்கள் எல்லோரும் தூக்கி வளர்த்த பிள்ளை என்று சொன்னால் மிகையாகாது. பன்னிரண்டாம் வகுப்பில் அவர் வாங்கிய மதிப்பெண்ணைச் சங்கத்தில் இனிப்பு வைத்துக் கொண்டாடினோம்.

"ஆறு வயதில் இந்த அறையில்தான் கேட்டேன், இது என்ன மாத்திரை என்று. அக்கா, நீங்கள்தான் சொன்னீர்கள், சத்து மாத்திரை என்று. பதினான்கு வயதில் மருந்துச் சீட்டைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். எட்டு ஆண்டுகள். அதற்குப் பிறகு ஓராண்டு நான் மாத்திரை சாப்பிடவே இல்லை. உங்கள் பதிவேட்டில் பாருங்கள், ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்று இருக்கும். பாட்டிக்காக டப்பாவைக் காலி செய்துவிட்டு, பக்கிங்காம் கால்வாயில் கொட்டினேன்."

அவர் "அக்கா" என்று சொன்னபோது பார்த்தது என்னை. நான்தான் சொன்னேன். சொன்ன நாளும் நினைவிருக்கிறது. குழந்தை பள்ளியில் போய் வாய்தவறிச் சொல்லிவிடுமே, சேர்க்கையை ரத்து செய்துவிடுவார்களே என்ற பயம். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அவர்களின் நிலையைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை நான் படித்திருக்கிறேன், பயிற்சியில் மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். என் கையில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை.

அன்று விதியை மீறி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "சின்னவர்களிடம் இனிமேல் இந்தப் பொய்யைச் சொல்லாதீர்கள்" என்றார்.

ரகசியமும் மறைப்பும்

இந்தக் கதைகளுக்குப் பிறகு ஒரு கேள்வி கூர்மையாக வந்து நின்றது. குழாயடியில் சொன்னது தவறு. குழந்தையிடம் சொல்லாததும் தவறு. அப்படியானால் ரகசியம் காப்பது எங்கள் விழுமியமா, இல்லையா?

இரண்டு கூட்டங்கள் இதற்கே போயின. தையல் வேலை செய்யும் ஓர் உறுப்பினர் தன் கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. உள்ளே மாத்திரைகளுக்கு மேல் பஞ்சு அடைத்திருந்தார். பஸ்ஸில் பை குலுங்கும்போது டப்பா கிலுகிலுப்பைபோலச் சத்தம் போடும் என்பதற்காக. "இந்தப் பஞ்சு என்னுடைய ரகசியம். யார் முன்னால் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை அடைக்க வேண்டிய நிலைமை என்னுடையது கிடையாது" என்றார்.

அவர் சொன்னதிலிருந்துதான் எங்களுக்கு வழி பிறந்தது. ரகசியம் அந்த மனிதருக்குச் சொந்தம். அதைத் திறக்கவும் பூட்டவும் அவருக்கு மட்டுமே உரிமை. மறைப்பு என்பது பயத்தால் மற்றவர்கள் அவர்மேல் போர்த்துவது. நாங்களும் அந்தக் குழந்தைமேல் அதைத்தான் போர்த்தியிருந்தோம். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017 இந்த உரிமையைத்தான் தன் மொழியில் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின்படி, சட்டம் அனுமதிக்கும் சில சூழல்கள் தவிர, ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியிடக் கூடாது. வேலை, கல்வி, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது. மாநிலத்தில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை. குழாயடிப் பெண்ணுக்கு நேர்ந்தது இந்தச் சட்டம் வந்த பிறகுதான். சட்டத்தைப் பற்றி அதற்கு முன்பே துண்டறிக்கை அச்சிட்டு வழங்கியவர்கள் நாங்கள்.

பெயர்ப் பலகை விவாதமும் இங்கேதான் எழுந்தது. இப்போதுள்ள பலகையில் "நலச் சங்கம்" என்று மட்டும் இருக்கிறது. இளைஞர்கள் "எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்" என்று சேர்க்க வேண்டும் என்றார்கள். அதே தெருவில் குடியிருக்கும் உறுப்பினர்கள் வேண்டாம் என்றார்கள். சீட்டு எழுதிப் போட்டதில் சேர்க்க வேண்டும் என்பதற்கே அதிக வாக்குகள். ஆனாலும் சேர்க்கவில்லை. படியேறும்போது பார்க்கப்படுகிறவர்களுக்கு மறுக்கும் உரிமை வேண்டும் என்று இளைஞர்களே விட்டுக்கொடுத்தார்கள். இந்தக் கட்டுரையில் பெயர் இல்லாததும் அதனால்தான். எனக்கு அந்த முடிவில் இன்றும் முழு நிறைவு இல்லை. ஆனால் அது என் வீட்டுப் படிக்கட்டு இல்லையே.

எழுதியதும் விலை கொடுத்ததும்

புதிய நோக்கம் இரண்டு வாக்கியங்கள். "எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒவ்வொருவரும் மருந்து விடாமல், பயமில்லாமல், முதுமைவரை வாழத் துணை நிற்போம். அவர்களைப் பற்றிய முடிவுகளை அவர்களே எடுக்கும் இடமாக இந்தச் சங்கம் இருக்கும்." விழுமியங்களை ஒற்றைச் சொற்களாக எழுத மறுத்துவிட்டோம், நடத்தையாக எழுதினோம். கேட்காமல் யார் வீட்டுக்கும் போக மாட்டோம். எப்படி வந்தது என்று யாரையும் கேட்க மாட்டோம். குழந்தையிடம் பொய் சொல்ல மாட்டோம். தவறு செய்தால் அவர் முன்னால் போய் ஒப்புக்கொள்வோம். "நோயாளி", "பாதிக்கப்பட்டவர்" என்ற சொற்கள் எங்கள் தாள்களிலிருந்து போயின.

இரண்டாவது வாக்கியம்தான் கடினமாக இருந்தது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் தங்களைப் பற்றிய முடிவுகளில் பங்கேற்க வேண்டும் என்று 1983-இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய எய்ட்ஸ் உள்ளவர்கள் சொன்னார்கள். 1994-இல் பாரிஸ் மாநாட்டில் அரசுகளும் ஒப்புக்கொண்டன. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் இந்தியக் கூட்டமைப்பு 1997-லும், பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் 1998-லும் தொடங்கியது இதே சென்னையில். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் செயலாளரும் பொருளாளரும் எப்போதும் நல்லெண்ணம் கொண்ட வெளியாட்களாகவே இருந்தார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சிறப்புத் தீர்மானம் போட்டு விதிகளைத் திருத்தினோம்: செயற்குழுவில் பாதிக்கு மேல் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர், அவர்களில் ஒருவராவது 25 வயதுக்குக் கீழ். நிறுவனர்களில் ஒருவர், அந்த நீல நோட்டில் பெரும்பாலான பக்கங்களை எழுதியவர், "இத்தனை ஆண்டு நான் செய்தது போதவில்லையா" என்று கேட்டுவிட்டு விலகிவிட்டார். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினோம். இன்னும் வரவில்லை. அந்த வருத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

பணத்திலும் விலை கொடுத்தோம். புதிய விதிகள் வந்த சில மாதங்களில் ஒரு நிதி நிறுவனம், ஒவ்வொரு வீட்டுச் சந்திப்புக்கும் இடக்குறியோடு புகைப்படம் அனுப்ப வேண்டும் என்றது. கூட்டத்தில் வைத்தோம். குழாயடிப் பெண் இப்போது செயற்குழு உறுப்பினர். அவர் கை உயர்த்திய பிறகு வேறு யாரும் பேசவில்லை. திட்டம் போனது, ஒருவருடைய சம்பளமும் போனது.

வேலையும் மாறியது. உறுப்பினர்களுக்கு இப்போது சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம்; இருபது ஆண்டுகளில் நாங்கள் ஒருவரைக்கூடப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதில்லை. ஈமச்சடங்கு நிதியில் மிச்சமிருந்த பணத்தை என்ன செய்வது என்று கேட்டபோது, பேரப் பிள்ளைகளை வளர்க்கும் அந்த அம்மா "மூடாதீர்கள், சாவு வராமலா போகும்? எழுத இடம் இருக்கிறது, இதையும் எழுதுங்கள்" என்றார். நீல நோட்டின் கடைசிப் பதிவுக்குக் கீழே இப்போது இப்படி இருக்கிறது: பரிசோதனைக்குச் சென்ற மூவர், ஆட்டோ, மதிய உணவு. பெயரின் முதல் எழுத்துகள் மட்டும். கையெழுத்து அந்த 22 வயது இளைஞருடையது. அவர்தான் இப்போது துணைச் செயலாளர்.

சனிக்கிழமை பிற்பகல்களில் அவர் குழந்தைகளோடு உட்காருகிறார். வளர்ப்பவரின் சம்மதம் வாங்கி, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். சென்ற மாதம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டியோடு வந்திருந்தாள். கையில் டப்பா.

"அண்ணா, இது சத்து மாத்திரைதானே?"

"இல்லைம்மா. உன் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது. என் உடம்பிலும் இருக்கிறது. தினமும் இதைச் சாப்பிட்டால் அது தூங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் விட்டால் புரண்டு படுக்கும். நிறைய நாள் விட்டால் எழுந்துவிடும். என்னுடையது பல ஆண்டுகளாகத் தூங்குகிறது."

சிறுமி டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கும் இன்னொரு முறை சொல்."